பாதுகாப்புக்கென்று விட்டுவைத்த பழைய ஃபோல்டர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தை அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் குழுவை நடத்திய தர்ஷினி அக்கா, கசுன், நான். இருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. முதலாளி ஒரு கண்காட்சிக்காக டுபாய் போயிருந்தார். எங்கள் பில்ட் கருவிகளை முதன்முதலில் எழுதிய அண்ணர், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்திலேயே குடும்பத்தோடு மெல்பேர்ன் போய்விட்டார். போவதற்கு முன் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். கருவிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு அப்போது தெரிந்திருக்கவுமில்லை.

இந்த மாத முடிவோடு நான் விலகுகிறேன். ஓய்வு பெறுகிற வயதில்லை. வேறு வேலை கிடைத்திருக்கிறது. போன கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது, புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரு சின்னக் கோப்பு இல்லையென்றாலும் பில்ட் ஏன் அப்படியே நின்றுவிடுகிறது, பரிசோதனையை ஏன் ஒவ்வொரு முறையும் வெறும் கணினியில், வெறும் ஃபோல்டரில் இருந்து தொடங்க வேண்டும், இது நேரத்தை வீணாக்குகிற வேலையில்லையா என்று. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். குளிரறைகளில் பொருத்துகிற சிறிய கருவி. அது வெப்பநிலையைப் பார்த்துச் சுவரில் காட்டும், பதிவு செய்யும், கூடினால் உரிமையாளரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். கருவிக்குள் ஓடுகிற மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அதைக் கட்டி எடுக்க உதவுகிற, பைதன் மொழியில் எழுதிய நிரல்கள்தான் பில்ட் கருவிகள்; கட்டுகிற வேலையைத்தான் பில்ட் என்கிறோம். எந்த வாடிக்கையாளரிடம் எந்த வகைச் சென்சர் இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய வெப்பநிலை அட்டவணையை ஃபர்ம்வேருக்குள் சேர்ப்பது அவற்றின் முக்கியமான வேலை.

அந்த நாட்களில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஃபர்ம்வேருக்குள்ளும் இந்தக் கருவிகளின் ஒரு பிரதி, தனி ஃபோல்டராகக் கிடந்தது. புதிய வாடிக்கையாளர் வந்தால் பழையதைப் பிரதியெடுத்துப் பெயரை மாற்றுவோம். ஒன்றில் திருத்தியது மற்றதற்குப் போகாது. தர்ஷினி அக்கா ஒருநாள் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒரு பிழையைத் திருத்த நான் இன்னும் எத்தினை வீட்டுக் கதவைத் தட்டுறது? எலக்ஷன் கேக்கிற ஆக்கள் மாதிரித் திரியிறன்."

"அக்கா, எலக்ஷன் கேட்டா வோட்டாவது கிடைக்கும்" என்றான் கசுன். அவன் மொரட்டுவைப் பக்கம். எங்களோடு இருந்து இருந்து தமிழ் பழகியவன். நாங்கள் அவனிடம் பழகிய சிங்களத்தை விட அவன் தமிழ் எவ்வளவோ மேல்.

அப்படித்தான் முடிவு வந்தது. கருவிகளை எல்லா ஃபர்ம்வேரிலிருந்தும் வெளியே எடுத்து, தனியாக நிறுவக்கூடிய ஒரே பைதன் பொதியாக்குவது. பிறகு ஒவ்வொரு ஃபர்ம்வேரும் "எனக்கு இந்தப் பதிப்பு வேண்டும்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நல்ல முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்யச் சொல்வேன்.

பொதி தயாரானது. பழைய ஃபோல்டர்களை உடனே அழிப்பதா, கொஞ்ச நாள் வைத்திருப்பதா என்று கதை வந்தது. மூன்று பேரும் ஒரே குரலில் வைத்திருப்போம் என்றோம். புதியதில் ஏதும் சிக்கல் வந்தால் திரும்பிப் போக ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா? பொறுப்பான ஆட்கள் அப்படித்தானே யோசிப்பார்கள்? பழையது பக்கத்தில் இருக்க, புதிய பொதியை நிறுவி, ஒவ்வொருவரும் தங்கள் மடிக்கணினியில் எல்லா வாடிக்கையாளரின் ஃபர்ம்வேரையும் கட்டிப் பார்த்தோம். ஒரு கோணலும் இல்லை. பழைய வெளியீடும் புதிய வெளியீடும் எழுத்துக்கெழுத்து ஒன்று.

"மச்சங், ஒரு பிழையும் இல்ல. எனக்கு இப்பதான் பயமா இருக்கு" என்றான் கசுன். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அவனும் அதை விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் பழைய ஃபோல்டர்களை அழித்தோம். அலுவலகத்தின் பொதுக் கணினியில் புதிய பொதியை மட்டும் வைத்துப் புதிய ஃபர்ம்வேரைக் கட்டினோம். மேசையில் ஒரு கருவியை வைத்து, சென்சரைப் பொருத்திப் பார்த்தோம். அறையின் சூட்டைச் சரியாகவே காட்டியது. முதலில் ஒரேயொரு வாடிக்கையாளருக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று, நல்ல இணையத் தொடர்பு உள்ள கொட்டாஞ்சேனைக் குளிரறையைத் தெரிந்தெடுத்தோம். வேலை நேரத்தில் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகையால் திங்கட்கிழமை பின்னேரம், அங்கே வேலை முடிந்து கதவு பூட்டுகிற நேரம் பார்த்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

செவ்வாய் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து ஹாஜியார் அழைத்தார். உறைந்த கோழி இறைச்சியை மொத்தமாக வாங்கி விற்பவர். குளிரறை அவருடையது. முறைப்பாடாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன்.

"தம்பி, உங்கட மிஷினுக்கு மாலை போடணும்" என்றார்.

"என்ன ஹாஜியார், என்ன விசயம்?"

"என்ட ஸ்டோர் பாக்கிற செல்வராஜ் ஈக்கிறானே, நேத்துக் கதவ சரியா சாத்தாம போயிட்டான். உங்கட மிஷின் ஆளப் பிடிச்சிட்டு. ராவே மெசேஜ் அனுப்பி ஈக்கி, நான் தூக்கத்தில பாக்கல்ல. மைனஸ் பதினெட்டில நிக்க வேண்டியது, விடிய வந்து பாத்தா பதின்மூணு. ஹோட்டலுக்குச் சரக்கு எடுக்கிறவன் லொறியோட வந்து மிஷினப் பாத்திட்டு, வாணாம் எண்டு திரும்பிட்டான்."

"நீங்க அவரிட்ட கேட்டீங்களா?"

"கேக்கிறதுக்கு என்ன ஈக்கி? பூட்டினேங்க பூட்டினேங்க எண்டு அழுறான். அதுக்குத்தான் எடுத்தேன். அந்தக் கோட்டுப் படம் உங்கட்ட வரும்தானே, அத ஒரு பேப்பர்ல அடிச்சு அனுப்புங்க. பகலைக்கு அவன்ட சாமானோட ஆள அனுப்பப் போறேன். காட்டித்தான் அனுப்பணும். ஹாஜியார் அநியாயமா ஒத்தன நிப்பாட்டினார் எண்டு ஒத்தரும் செல்லக்கூடா."

அவர் நியாயமாக நடக்கத்தான் பார்த்தார். அதற்கு எங்களிடம் சாட்சி கேட்டார்.

செல்வராஜை எனக்குத் தெரியும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். குளிரறைக்கு மேலே உள்ள ஓர் அறையில் மனைவியோடும் பிள்ளையோடும் இருந்தார். ஸ்டோர்ச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த அறை. கருவி பொருத்தப் போன நாளில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

படத்தைத் திரையில் போட்டேன். கதவு திறந்திருந்தால் வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கோடு சாய்வாக மேலே போகும். இது அப்படி இல்லை. மைனஸ் பதினெட்டில் நேராகப் போய், படியேறினதுபோல ஒரே எட்டில் மைனஸ் பதின்மூன்றுக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி நேராகப் போனது. அந்தப் படி இருந்த இடம் நாங்கள் புதிய ஃபர்ம்வேர் அனுப்பிய நேரம். அதுதான் செல்வராஜ் கதவு பூட்டுகிற நேரமும்.

தர்ஷினி அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தப் படியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அக்கா, இது கதவில்லை. இது நாங்கள்" என்றேன்.

"இருக்கலாம். ஆனா சந்தேகப்படுறது வேற, தெரிஞ்சுகொள்ளுறது வேற, அன்ரன். இப்ப எங்கட பிழை எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு கதவும் திறந்துதான் கிடந்தது எண்டு வந்தா, அந்த மனுசனுக்கும் பிரயோசனமில்லை, எங்கட மெஷினையும் இனி ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"பகலைக்கு அவர அனுப்பப் போறாராம்."

"அப்ப அதுக்கு முதல் தெரிஞ்சுகொள்ளுவம். நீர் வெளிக்கிடும். படத்தை நேர கொண்டு வாறன், அதுவரைக்கும் ஒண்டும் செய்யவேண்டாம் எண்டு ஹாஜியாரிட்டச் சொல்லும். கசுன், நீர் வெறும் கொம்பியூட்டர் ஒண்டில முதலில இருந்து கட்டிப் பாரும்."

"ஹரி அக்கா" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, கசுன் அலமாரியிலிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை இழுத்தான்.

இதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். நெருக்கடி வந்தால் கை முதலில் விசைப்பலகைக்குத்தான் போகும். ஏதாவது மாற்று, பழையதை அனுப்பு, எண் சரியானால் போதும் என்று தோன்றும். நாங்களும் அந்த நிமிடமே பழைய ஃபர்ம்வேரை அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் சுவரில் மைனஸ் பதினெட்டு வந்திருக்கும். "பாத்தீங்களா, கதவச் சாத்தினதும் குளிர் வந்திட்டு" என்று ஹாஜியார் சொல்லியிருப்பார். செல்வராஜின் கதை அத்தோடு முடிந்திருக்கும். தர்ஷினி அக்கா அதைத் தொடவேண்டாம் என்றார். பிழை அதன் இடத்தில் இருக்கும்போதே அதை அளந்துவிட வேண்டும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கருவி பொருத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்கிற கண்ணாடி வெப்பமானி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு த்ரீவீல் ஆட்டோவில் ஏறினேன். மரைன் டிரைவ் வழியாக வேகமாகத்தான் போனோம். கோட்டை தாண்டியதும் வாகனம் நகரவில்லை. செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற சனம் வீதி முழுக்க. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "மல்லி, தம்பி, கோயிலுக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் இந்த நாளில இந்தப் பக்கம் வாற?" என்று கடைசிவரை ஏசிக்கொண்டே கொண்டுபோய் இறக்கினார்.

ஹாஜியாரின் முன் அறையில் மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பிளேன்டீ சொன்னார். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்க தம்பி. பேப்பர் வாணாம் போல. விஷயம் முடிஞ்சி."

"என்ன முடிஞ்சது?"

"ஒத்துக்கொண்டான். பிழை என்டதான் முதலாளி, மன்னிச்சுக்கோங்க எண்டான். பிள்ளக்குட்டிக்காரன், அனுப்பல்ல. சாவிய மட்டும் எடுத்திட்டேன். லோடிங்கில நிக்கட்டும். மேல அறைக்கு வேற ஆள் வருவான், இவன் மாசம் முடிய வெளிய ஒரு இடம் பாத்துக்கொள்ளட்டும்."

தேநீரை அப்படியே மேசையில் வைத்தேன். கருவியை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்னால் போனேன். செல்வராஜ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"அண்ணன், உண்மையாவே கதவு திறந்து கிடந்ததா?"

"தெரியலீங்க சார்."

"பூட்டின ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. கொண்டிய இழுத்துப் பாத்துட்டுத்தான் மாடிக்குப் போனேன். ஆனா நம்ம ஞாபகம் பிசகலாம்ங்க. மிஷினுக்கு என்னா, அதுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?"

நாங்கள் கட்டி அனுப்பிய கருவியைத்தான் அவர் அப்படிச் சொன்னார். தன் கையை விட அதைக் கூடுதலாக நம்பினார்.

"அப்ப ஏன் ஒத்துக்கொண்டீங்க?"

அவர் முன் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லன்னு சொல்லச் சொல்ல முதலாளிக்குக் கோவம் கூடிக்கிட்டே போச்சுங்க. ஆமான்னு சொன்னேன், அடங்கிட்டாரு."

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லத்தான் வேண்டும். என் அப்பா கொச்சிக்கடைப் பக்கத்துப் பண்டகசாலைகளில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். "இண்டைக்கு ஒரு மன்னிப்புக் கேட்டிட்டு வந்தனான்" என்று அப்பா சில நாட்களில் சொல்வார். என்ன பிழை விட்டீர்கள் என்று சின்ன வயதில் கேட்பேன். "பிழையா? பிழை ஒண்டும் இல்ல. நாளைக்கும் வேலை வேணுமே" என்பார். ஆகவே செல்வராஜ் சொன்னது எனக்குப் புதிதாக இல்லை. படித்த வீட்டிலிருந்து வந்திருந்தால் அவருடைய மன்னிப்பை நானும் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்திருப்பேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

வெப்பமானியைக் குளிரறைக்குள், எங்கள் சென்சருக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினோம். உள்ளே உள்ள குளிரை அது எடுக்கும்வரை இருவரும் வெளியே நின்றோம். அவர் தன் பிள்ளைக்குப் பல் முளைக்கிற கதையைச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது வெப்பமானியில் மைனஸ் பதினெட்டு. சுவரில் எங்கள் கருவி மைனஸ் பதின்மூன்று. இரண்டையும் சேர்த்துப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். அனுப்பி முடியவில்லை, கசுன் அழைத்தான்.

"மச்சங், கண்டுபிடிச்சிட்டன். நாங்க பெரிய மோடயோ."

மோடயோ என்றால் முட்டாள்கள். அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதியைச் செய்தபோது பைதன் நிரல்கள் மட்டும்தான் உள்ளே போயிருந்தன. சென்சர் அட்டவணைகள் நிரல்கள் அல்ல, சாதாரணக் கோப்புகள். அவற்றையும் சேர்க்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. அப்படியானால் எங்கள் பரிசோதனை எப்படிச் சரிவந்தது? பழைய ஃபோல்டருக்கும் புதிய பொதிக்கும் ஒரே பெயர். பைதன் முதலில் தான் நிற்கிற இடத்தில்தான் தேடும். பக்கத்திலேயே பழைய ஃபோல்டர் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டது. அத்தனை பரிசோதனையிலும் நாங்கள் பழையதையே பழையதோடு ஒப்பிட்டு, ஒன்றுபோல இருக்கிறது என்று சந்தோசப்பட்டிருக்கிறோம். புதிய பொதி அவற்றில் ஒருமுறைகூட ஓடியிருக்கவில்லை. திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் என்று விட்டுவைத்தோமே, அந்த ஃபோல்டர்தான் புதியதை எங்கள் கண்ணில் படாமல் மறைத்தது.

அது மட்டும் என்றால் பில்ட் நின்றிருக்கும், தப்பியிருப்போம். மெல்பேர்ன் போன அண்ணர் எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தார்: உரிய அட்டவணை கிடைக்கவில்லையென்றால் நிரலிலேயே உள்ள வழமையான அட்டவணையை எடுத்துக்கொள். அவசரமாக ஒன்றைக் கொடுக்க வேண்டிய நாளில் பில்ட் நின்றுவிடக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். எல்லா வாடிக்கையாளரிடமும் வழமையான சென்சர்தான் இருந்தது, ஹாஜியாரிடம் தவிர. அவருடைய குளிரறைக்குப் பொருத்துகிற நேரம் நாட்டில் டொலர் இல்லை. வழமையான சென்சர் வரவில்லை. புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி, கிடைத்த வேறு வகையொன்றை வாங்கிப் போட்டோம். அந்த இரண்டு வகையும் நம் ஊர் அறைச் சூட்டில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். குளிரக் குளிரத்தான் விலகும். அதனால்தான் வெள்ளவத்தை மேசையில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இத்தனைக்கும் நாங்கள் செய்வது குளிரறைக் கருவி.

தர்ஷினி அக்கா தொலைபேசியை வாங்கினார். நான் இங்கே நடந்ததைச் சொன்னேன்: மன்னிப்பு, சாவி, அறை.

"ஹாஜியார் விசயத்தை முடிச்சிட்டாரோ?"

"ஓம் அக்கா. அவருக்கு எங்களில ஒரு கோபமும் இல்ல."

பிறகு, "மெஷினைச் சேர்விஸ் பண்ணவேணும் எண்டு சொல்லிப்போட்டு வேற ஒண்டை மாத்துவமா? முதலாளி வந்து மிச்சத்தைக் கதைக்கட்டும். லொறி திரும்பின விசயமும் இருக்கு. அது பெரிய காசு. நான் தனிய முடிவெடுக்கேலாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கருவியைச் சேவைக்கு எடுக்கத்தான் வேண்டும். முடிவெடுக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை என்பதும் உண்மை. எனக்கு அதைவிடக் குறைவு. அந்த வேலையில் நான்தான் ஆகக் கடைசி. வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான்.

"அக்கா, சேர்விஸ் எண்டு சொன்னா இண்டையில இருந்துதான் மெஷின் பிழை. நேத்து ராத்திரிக்கு அவர்தானே பொறுப்பு?"

மறுமுனையில், அலுவலகத்துக்கு வெளியே காலி வீதியில் போகிற பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"ஸ்பீக்கரில போடும். ஹாஜியாருக்கு முன்னால வையும். நான் கதைக்கிறன்."

"நான் சொல்றன் அக்கா."

"நீர் வெப்பமானியைக் காட்டும். பிழை எங்கட எண்டதை நான்தான் சொல்லவேணும்."

அப்படியே செய்தோம். வெப்பமானியை மேசையில் வைத்தேன். தர்ஷினி அக்கா சுற்றி வளைக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் நாங்கள் அனுப்பிய மாற்றத்தில் பிழை, அந்த நிமிடத்திலிருந்து கருவி ஐந்து பாகை கூட்டிக் காட்டுகிறது, குளிர் கொஞ்சமும் குறையவில்லை, சரக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை, கதவு பூட்டித்தான் இருந்திருக்கிறது என்றார்.

ஹாஜியார் விசிறியை நிறுத்தினார்.

"இத விடியவே செல்லி ஈந்தா அந்த லொறிக்காரன மறிச்சிருப்பேனே."

"விடிய எங்களுக்குத் தெரியாது ஹாஜியார். இப்பதான் தெரியும்."

"இப்ப தெரிஞ்சு? அவன் வேற இடத்தில வாங்கிட்டான். நான் தெமட்டகொடயில ஒத்தருக்கு நட்டத்துக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்திட்டேன். ஆள் வந்திட்டு ஈக்கிறான். இனி அவன்ட்ட போய், இல்ல, என்ட சரக்கு நல்ல சரக்கு, விலையக் கூட்டு எண்டு செல்றதா? நாளைக்கு எனக்கு யாவாரம் ஈக்கா?"

"அந்த வித்தியாசம் எங்கட பொறுப்பு" என்றது தொலைபேசி. டுபாயில் இருந்த முதலாளிக்கு இது இன்னும் தெரியாது.

ஹாஜியார் தலையசைத்தார். எழுந்து பின்வாசலுக்குப் போய், "செல்வராஜ்!" என்று கூப்பிட்டார். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ நேத்துக் கதவப் பூட்டினியா, இல்லயா?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். எந்தப் பதில் இப்போது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பூட்டினேங்க... ஆனா..."

"என்ன ஆனா? பூட்டின மனுசன் ஏன்டா பூட்டல்ல எண்டு ஒத்துக்கொண்ட?"

"நீங்கதானே முதலாளி ஒத்துக்கச் சொன்னீங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டார். பிறகு லொறியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார்:

"டேய், எல்லாரும் கேளுங்க! விடிய இவன உங்களுக்கு முன்னாலதான் ஏசினேன், இதையும் உங்களுக்கு முன்னாலதான் செல்றேன். இவன் பூட்டிட்டுத்தான் போயிருக்கான். இந்தத் தம்பிமார்ட மிஷின்தான் திறந்து கிடந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் நின்று அதை வாங்கிக்கொண்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து சாவிக் கோவையை எடுத்துச் செல்வராஜ் பக்கம் நீட்டினார். செல்வராஜ் அதை உடனே வாங்கவில்லை. கையைச் சாரத்தில் இரண்டு தரம் துடைத்த பிறகுதான் வாங்கினார். "நான் மேல போய் வீட்டுல சொல்லிட்டு வந்துர்றேங்க, அவ சாமான் கட்டிக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த திருத்தங்களோடுதான் இப்போது நீங்கள் வேலை செய்கிறீர்கள். அட்டவணை இல்லையென்றால் பில்ட் நிற்கும். வழமையானதை எடுத்துக்கொள் என்ற வரி இனி எங்கேயும் இல்லை. யாரும் நல்லெண்ணத்தோடு அதைத் திரும்ப எழுதிவிடாதீர்கள். பொதியைப் பரிசோதிக்கும்போது மூல நிரல் இருக்கிற இடத்தில் நிற்காதீர்கள். வெறும் ஃபோல்டருக்குப் போய் நிறுவி, அங்கிருந்து ஓட்டுங்கள். மேசையில் வைத்துப் பார்க்கிற கருவியின் சென்சர் ஐஸ் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பழையதை வைத்திருக்க விரும்பினால் வேறு பெயரில், வேறு இடத்தில் வைத்திருங்கள். இவற்றைப் படிப்பது சுலபம்.

கசுனும் நானும் அந்தக் கிழமையே ஃபர்ம்வேரைத் திருத்தி, பழைய வெளியீடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அனுப்பினோம். ஹாஜியார் எங்கள் கருவியைக் கழற்றவில்லை. ஒரு கண்ணாடி வெப்பமானியை வாங்கி அதற்குப் பக்கத்திலேயே ஆணியடித்துத் தொங்கவிட்டார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போனால் முதலில் அதைத்தான் காட்டுவார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலாளி டுபாயிலிருந்து வந்து எங்களை உட்கார வைத்தார். சத்தம் போடுகிறவர் அல்ல. "சேர்விஸ் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம்தானே? ஹாஜியார் எங்களைக் கேக்கவேயில்லையே" என்று மட்டும் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அன்ரனைக் கேக்காதேங்கோ. போனில கதைச்சது நான்" என்றார் தர்ஷினி அக்கா. "அந்த மனுசி சாமான் கட்டிக்கொண்டிருந்தவவாம்."

அந்த மனுசி யார் என்று முதலாளி கேட்கவில்லை. பிறகு காசோலைப் புத்தகத்தை எடுத்தார். நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதை எடுக்க வேண்டியே வந்திருக்காது. முழுவதையும் குளிரறைக்கு மேல் அறையில் இருந்த மூன்று பேர் கொடுத்து முடித்திருப்பார்கள். தெமட்டகொடைக்குப் போன சரக்கின் விலை வித்தியாசமும், திரும்பிப் போன லொறிக்கூலியும், என் த்ரீவீல் காசும் சேர்த்து எங்களுக்கு ஆனது மூன்று இலட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய்.